வலது பாதம், ஒரு சாண்

புல்லில் அந்தக் கோட்டை யாரும் வரைவதில்லை.
டிவியில் தெரிகிற நீலக் கோடு
எங்கோ ஒரு வேனுக்குள் உட்கார்ந்து
எவனோ இழுப்பது.
இங்கே, மேற்கு நெப்ராஸ்காவில்,
சோளம் அறுத்த காட்டுக்கு நடுவே
வெள்ளிக்கிழமை ராத்திரி
எட்டு விளக்குக் கம்பத்தின் கீழ்
அந்தக் கோடு நான்தான்.

பந்துக்கு நீளம் பதினோரு அங்குலம்.
அது தரையில் கிடக்கிறவரை
அதன் இரண்டு மூக்குக்கும் நடுவே
யாருக்கும் சொந்தமில்லாத நிலம்.
பந்தை எடுத்ததும்
இருபத்திரண்டு பையன்கள் அதை மிதித்துத் துவைக்கிறார்கள்.
அது எங்கே இருந்தது என்று
மறக்காமல் நிற்பதற்கு
தொண்ணூறு டாலர்,
பெட்ரோல் காசு தனி.

சட்டம் சின்னது.
முன்னால் எறிய ஒரு தடவைதான்.
பின்னால் எத்தனை தடவையும் எறியலாம், கேள்வியில்லை.
நேர் பக்கவாட்டில் போவதையும்
பின்னால் போனதாகவே எழுதிக்கொள்வோம்.
முன்னால் எறிகிறவனின் பாதம் இரண்டும்
கோட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.
ஒன்று தாண்டினாலும் தாண்டியதுதான்.
காசுக்கு ஆடுகிறவர்களுக்கு வேறு சட்டம்,
அங்கே உடம்பு முழுக்கத் தாண்ட வேண்டும்.
பதினேழு வயசுக்குத்தான்
பாதத்தைப் பார்க்கிறோம்.

நாற்பது விநாடி மிச்சம். நாலு பாயின்ட் பின்தங்கல்.
மூன்றாவது டவுன்.
ஓஸ்மார் பச்சேகோ, பன்னிரண்டாம் நம்பர்,
பிடிக்க வந்த இருவரைச் சுழன்று தப்பி
என் பக்கமாக ஓடி வருகிறான்.
வலது ஷூவின் அடி பிளந்துபோய்
வெள்ளை டேப் சுற்றியிருக்கிறது.
மூச்சு புகையாக வருகிறது.
ஓட்டத்திலேயே எறிந்தான்.

அழகான எறி என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.
எனக்குத் தெரியாது.
ஊரின் கண்ணெல்லாம் பந்தோடு மேலே போனபோது
நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
டச் டவுன் சத்தம் முதுகில் வந்து மோதியது.
இசைக்குழுவின் பெரிய மேளம் அதிர்ந்தது.
என் மஞ்சள் கொடி
அதற்கு முன்பே காற்றில் இருந்தது.
கையை நான் ஏவவில்லை,
அதுவாகப் போயிருந்தது.

வெர்லின் ஓடி வந்தார். "லொரெட்டா, நிச்சயமா?"
"பாதம். வலது."
அவர் மைதானத்தின் நடுவே போய்
மிட்டாயை ஒளிக்கிற பிள்ளை மாதிரி
ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்:
சட்டமீறிய முன்வீச்சு.
பிறகு இரண்டு கையும் பிடரிக்குப் பின்னால்:
இந்த டவுனும் போயிற்று.
எறிந்த இடத்திலிருந்து ஐந்து யார்டு பின்னே.
நாலாவது எறி தரையில் விழுந்தது.
அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வாசலில் யாரோ
என் பிக்கப்பின் கண்ணாடியில் காபியை வீசியிருந்தார்கள்.
அது உறைந்திருந்தது. சுரண்டினேன்.

ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க்.
கல்லாவில் இருந்தவளின் சட்டையில்
தட்டு அகலத்துக்கு ஒரு பொத்தான்,
அதில் அவன் படம், பன்னிரண்டு,
சிரிக்காமல் நிற்கிறான்.
என் கோட்டுக்குக் கீழே கறுப்பு வெள்ளைக் கோடுகள்.
மறைக்க நேரமில்லை.

ஸ்கேனர் கீச்சென்றது.
"எவ்வளவு?" என்றாள்.
கேட்க வேண்டியவள் நான்.
புரிய ஒரு நிமிஷம் ஆனது.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து
கல்லாவின் மேல் வைத்தேன்.
அவள் பார்த்தாள்.
பக்கத்திலேயே தன் கையையும் விரித்து வைத்தாள்.
அவளுடையது சின்னக் கை.

"அந்த டேப் நான் சுற்றினது," என்றாள்.
"வெள்ளை இல்லாமல் கறுப்பு வாங்கியிருந்தால்
உங்களுக்குத் தெரிந்திருக்காது, இல்லையா?"

தெரிந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
தெரிந்திருக்காது என்றும்.
பின்னால் ஒரு லாரி டிரைவர்
தொண்டையைச் செருமினான்.

மீதியை என் உள்ளங்கையில் வைத்தாள்.
நான் எண்ணவில்லை.